வீட்டுச் சுவரில் ஒரு படம்: பாவித்த புரொஜெக்ரர் வாங்க முன்



ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, முல்லைத்தீவு மாவட்டத்தின் உட்கிராமம் ஒன்றிலிருந்து ஓர் அக்கா எனக்குத் தொலைபேசி எடுத்தார். கணவரைத் தொலைத்துவிட்டு, இரண்டு பிள்ளைகளையும் கோழி வளர்த்து ஆளாக்கி வருபவர். அவருடைய குரல் நன்றாக இறங்கியிருந்தது.

"தங்கச்சி, மெசின் நிண்டு போச்சு. சிவப்பு லைற் மட்டும் மினுங்குது. இருபத்திரண்டு நாள்தான் பாத்தம்."

அவர் சொன்ன மெசின், பாவித்த புரொஜெக்ரர் ஒன்று. 26,000 ரூபா கொடுத்து வாங்கியது. முட்டை விற்றுச் சேர்த்தது 14,000. மீதி 12,000 ரூபாவைக் கோழித்தீனுக்கென்று எடுத்த கிழமைக் கடனிலிருந்து எடுத்திருந்தார். திருத்துபவரிடம் கொண்டு போனபோது, "அக்கா, உள்ள இருக்கிற பல்ப் முடிஞ்சுது. புதுசு போடுற காசுக்கு இன்னொரு பழைய மெசினே எடுக்கலாம்" என்று சொல்லிவிட்டார். விற்றவரின் தொலைபேசி இயங்கவில்லை. செவ்வாய்க்கிழமை கடன் சேகரிப்பவர் மட்டும் தவறாமல் வந்தார்.

ஆனால் காசு போனதை விட வேறொன்றுதான் அந்த அக்காவை வருத்தியது. "புருசனும் இல்லை, கடனும் கிடக்கு, இவளுக்குப் படம் ஒரு கேடோ எண்டு சனம் கதைக்குது தங்கச்சி" என்றார். இம்முறை இந்தப் பக்கத்தில் புரொஜெக்ரர் பற்றி எழுத நான் எண்ணியதற்கு அந்தப் பேச்சுத்தான் காரணம். ஓர் ஏழைப் பெண் தன் பிள்ளைகளோடு படம் பார்க்க ஆசைப்பட்டது பிழையல்ல. எதனைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதை அவருக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்காததுதான் பிழை. அதனை இங்கே சொல்லிவிடலாம்.

எங்களுக்கு எதற்கு இது?

இந்தக் கேள்வியை மற்றவர்கள் கேட்க முன்னர் நாங்களே எங்களிடம் கேட்டுக்கொள்கிறோம். அந்த அக்கா ஏன் வாங்கினார் என்பதைக் கேளுங்கள். மூத்தவனுக்கு 15 வயது. இரவானால் படம் பார்க்கவும் கிரிக்கெட் பார்க்கவும் சந்திப் பக்கம் போய்விடுவான். இளையவள் தாயின் கைத்தொலைபேசியோடு ஒரு மூலையில் கிடப்பாள். தாய் குசினியில் இருப்பார். ஒரே வீட்டுக்குள் மூன்று பேரும் மூன்று இடத்தில். மெசின் வந்த இருபத்திரண்டு நாளும் மூவரும் ஒரே பாயில் இருந்தார்கள் என்று அவர் சொன்னார்.

வன்னி மக்களுக்குப் படம் பார்ப்பது எப்போதுமே தனியாள் விடயமாக இருந்ததில்லை. 1990களில் மின்சாரமும் இல்லை, பற்றரி கொண்டுவரவும் தடை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம், ஜாம் போத்தல் விளக்கில் படித்த காலம். அந்தக் காலத்திலும் எங்காவது ஒரு வீட்டில் டெக்கும் தொலைக்காட்சியும் வாடகைக்கு வந்து இறங்கும். கொஞ்சம் பெற்றோல் விட்டு ஜெனரேற்றரை இயக்கி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிடுவார்கள். விடிய விடியப் படம் ஓடும். அயல் முழுவதும் பாயோடு வந்துவிடும். பெரியவர்கள் நித்திரையாகிவிடச் சிறுவர்கள் நாங்கள் புகை மணத்துக்குள் விழித்திருப்போம். 2002 இல் ஏ9 பாதை திறந்த பின்னர் சீ.டி. போடும் பெட்டிகள் வந்தன. 2009 இற்குப் பின்னர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு தொலைபேசி வந்தது. இப்போது அவரவர் படம் அவரவர் கைக்குள்.

ஓய்வும் பொழுதுபோக்கும் மனிதருக்குரிய உரிமை என்று 1948 ஆம் ஆண்டின் மனித உரிமைகள் பற்றிய உலகப் பிரகடனத்தின் 24 ஆம் உறுப்புரை சொல்கிறது. பிள்ளைகளுக்கு விளையாட்டும் ஓய்வும் உரிமை என்று சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 31 ஆம் உறுப்புரை சொல்கிறது. அந்தச் சமவாயத்தை இலங்கை 1991 இல் ஏற்றுக்கொண்டது. கணவனை இழந்தவர்களின் வீடுகளுக்கு இது பொருந்தாது என்று எந்த உறுப்புரையிலும் எழுதப்படவில்லை.

பாவித்த புரொஜெக்ரர் வாங்குவதும் புதிய கதையல்ல. தென்னிந்தியாவில் ஊர் ஊராகப் படம் காட்டத் தொடங்கிய முன்னோடிகளில் ஒருவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த சாமிக்கண்ணு வின்சென்ட். இரயில்வேயில் வேலை பார்த்தவர். 1905 இல் திருச்சிக்கு வந்து படம் காட்டிக்கொண்டிருந்த டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரர் நோய்வாய்ப்பட்டு நாடு திரும்ப விரும்பியபோது, அவரிடமிருந்த கருவியையும் படச்சுருள்களையும் வின்சென்ட் வாங்கினார். பிறகு கூடாரம் அடித்து ஊர் ஊராகக் காட்டினார். 1914 இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்ற நிலையான அரங்கையும் கட்டினார். இன்னொருவர் பாவித்த கருவியில் தொடங்கியதுதான் அத்தனையும்.

முதலில் ஒரு கேள்வி

வாங்க முன்னர் யோசியுங்கள். உங்களுக்குத் தேவை புரொஜெக்ரரா, தொலைக்காட்சியா? பகலில் செய்தியும் நாடகமும் பார்ப்பதென்றால் பாவித்த எல்.ஈ.டி. தொலைக்காட்சிதான் நல்லது. புரொஜெக்ரர் இருட்டில் மட்டுமே ஒழுங்காகத் தெரியும். ஓலைக்கீற்றிலும் தகரத்திலும் வெளிச்சம் புகும் வீட்டில் பகலில் அதனால் பயனில்லை. பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து இரவில் பெரிதாகப் பார்ப்பதுதான் நோக்கமென்றால், அப்போது புரொஜெக்ரரை நினைக்கலாம்.

அடுத்து அறையை அளவுங்கள். பெரும்பாலான சாதாரண புரொஜெக்ரர்களில் இரண்டு மீற்றர் அகலப் படம் விழ மூன்று முதல் நான்கு மீற்றர் தூரம் வேண்டும். பத்தடி அறையில் அதற்கேற்ற அளவு படம்தான் கிடைக்கும். அளவு நாடாவோடு அறையையும் சுவரையும் அளந்து கொப்பியில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

இரண்டு வகை உண்டு

எங்கள் கைக்கு எட்டுகிற விலையில் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு வகை.

முதலாவது, அலுவலகங்களிலும் பாடசாலைகளிலும் பாவித்துக் கழித்த பெரிய மெசின். உள்ளே பாதரசம் கொண்ட விசேட பல்ப் இருக்கும். வெளிச்சம் நல்லது. ஆனால் பல்புக்கு ஆயுள் உண்டு. மெசினைப் பொறுத்து ஏறத்தாழ 2,000 முதல் 5,000 மணித்தியாலம் வரை. பல்ப் முடிந்தால் செலவு பெரிது. 200 முதல் 300 வோற் வரை மின்சாரம் இழுக்கும்.

இரண்டாவது, எல்.ஈ.டி. போட்ட சிறிய மெசின். மின்சாரம் குறைவாக எடுக்கும். பல்ப் மாற்றும் செலவு இல்லை. பென்ட்ரைவ் நேரே போடலாம். ஆனால் மலிவானவற்றில் வெளிச்சம் குறைவு, ஓரங்களில் படம் மங்கும். அது பழுதானால் திருத்துவதும் கஷ்டம்.

இந்த இடத்தில்தான் ஏமாற்று அதிகம். பெட்டியில் "1080" என்று பெரிதாக எழுதியிருப்பார்கள். 1080 படத்தை உள்ளே வாங்கும் என்பதுதான் அதன் பொருள். வெளியே காட்டுவது வெறும் 800 இற்கு 480 புள்ளியாக இருக்கலாம். ஆகவே "இதின்ர சொந்த அளவு எவ்வளவு?" என்று கேளுங்கள். பழைய அலுவலக மெசின்களில் 800 இற்கு 600, 1024 இற்கு 768, 1280 இற்கு 800 என்ற அளவுகள் இருக்கும். வீட்டில் படம் பார்க்க 1024 இற்கு 768 போதும். அது சதுரத்துக்குக் கிட்டிய வடிவம் என்பதால் அகலமான படங்களுக்கு மேலும் கீழும் கறுப்புப் பட்டி விழும். அது பழுதல்ல.

வெளிச்சத்தை லூமென் என்ற அளவில் சொல்வார்கள். "ஏ.என்.எஸ்.ஐ. லூமென்" என்று எழுதியிருந்தால் அது ஒழுங்கான முறைப்படி அளந்தது. வெறுமனே "9,000 லூமென்" என்று சிறிய பெட்டியில் எழுதியிருந்தால் நம்ப வேண்டாம். 2,500 ஏ.என்.எஸ்.ஐ. லூமென் உள்ள அலுவலக மெசின் இரவில் ஒரு முற்றத்துக்கே போதும்.

காசு கொடுக்க முன்னர் பார்க்க வேண்டியவை

கடைக்குப் போகும்போது வெறுங்கையோடு போக வேண்டாம். நீங்கள் வீட்டில் எதிலிருந்து படம் போடப் போகிறீர்களோ அதனையே கொண்டு போங்கள். டி.வி.டி. பெட்டியானால் அந்தப் பெட்டி, மடிக்கணினியானால் அது. கூடவே நன்கு தெரிந்த ஒரு படம், முழு வெள்ளை நிறப் படம் ஒன்று, முழுக் கறுப்புப் படம் ஒன்று ஆகியவற்றைச் சேமித்துக் கொண்டு போங்கள்.

1. பல்ப் ஓடிய நேரம். மெனுவில் பல்ப் எத்தனை மணித்தியாலம் ஓடியது என்று காட்டும். எங்கள் அக்காவின் மெசினில் 340 என்று காட்டியது. ஆனால் அந்த எண்ணிக்கையை ரிமோட்டால் பூச்சியமாக்கலாம். புதிய பல்ப் போட்டவர்கள் செய்யும் வேலை அது. பல்ப் மாற்றாமலும் செய்யலாம். எனவே "பல்ப் மாத்தினதுக்கு பில் இருக்கோ?" என்று கேளுங்கள். பில் இல்லாவிட்டால் எண்ணிக்கையை நம்பாமல் வெளிச்சத்தை நம்புங்கள்.

2. வெள்ளைப் படம். கடையின் விளக்கை அணைக்கச் சொல்லி வெள்ளைப் படத்தைப் போடுங்கள். மஞ்சள் அல்லது நீலத் திட்டு தெரிந்தால், உள்ளே நிறம் காட்டும் கண்ணாடித் தகடுகள் வயதாகிவிட்டன. மங்கலான உருண்டை நிழல்கள் தெரிந்தால் உள்ளே தூசு போயிருக்கிறது. அதனைச் சில வேளை துப்புரவாக்கலாம். தகடு போனால் திருத்திப் பயனில்லை.

3. கறுப்புப் படம். கறுப்பில் வெள்ளைப் புள்ளிகள் நட்சத்திரம் போலச் சிதறியிருக்கின்றனவா? டி.எல்.பி. என்ற வகை மெசின்களுக்குள் இலட்சக்கணக்கான நுண்ணிய கண்ணாடிகள் அசைந்துகொண்டிருக்கும். அவை இறுகிப்போனால் இந்தப் புள்ளிகள் வரும். நாலைந்து புள்ளி இருந்தால் நாளடைவில் நாற்பதாகும். எவ்வளவு மலிவானாலும் அதனை விட்டுவிடுங்கள்.

4. ஒரு மணித்தியாலம் ஓடவிடுங்கள். இதுதான் மிக முக்கியம். ஐந்து நிமிடம் எந்தப் பழைய மெசினும் நன்றாகத்தான் ஓடும். சூடேறிய பிறகுதான் நோய் தெரியும். தானாக நிற்கிறதா, படம் மினுங்குகிறதா, விசிறி கரகரவென்று சத்தம் போடுகிறதா, கருகிய மணம் வருகிறதா என்று பாருங்கள். கடைக்காரர் அவசரப்படுத்தினால் ஒரு தேநீர் குடித்துவிட்டு வாருங்கள், மெசின் ஓடட்டும்.

5. எழுத்துப் படம். எழுத்து நிறைந்த ஒரு பக்கத்தைப் போட்டு நடுவிலும் நாலு மூலையிலும் வாசிக்க முடிகிறதா என்று பாருங்கள்.

6. இணைப்புகள். எச்.டி.எம்.ஐ. துளை இருந்தால் நல்லது. பழையவற்றில் வி.ஜி.ஏ. மட்டும் இருக்கும். அதில் சத்தம் வராது, தனி வயர் வேண்டும். டி.வி.டி. பெட்டிக்கு மஞ்சள் நிறத் துளை போதும். எல்லாக் கைத்தொலைபேசிகளும் புரொஜெக்ரரோடு இணையாது. இணைத்துப் பார்த்த பிறகே நம்புங்கள்.

7. மின் அளவு. பின்புற ஒட்டுத்தாளில் 100–240 என்று இருக்கிறதா? 100 மட்டும் இருந்தால் எங்கள் 230 வோல்ற்றில் போட்டவுடன் போய்விடும்.

8. பல்ப் விலை. மெசினின் மாதிரி இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, அதே நாளில் இன்னொரு கடையில் "இதுக்குப் பல்ப் எவ்வளவு, கிடைக்குமோ?" என்று விசாரியுங்கள். பல்ப் கிடைக்காத மெசினை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் எடுக்க வேண்டாம்.

பயப்படத் தேவையில்லாத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். பல்ப் கொஞ்சம் ஓடியிருப்பது குறையல்ல. கிழமைக்கு இரண்டு படம், ஐந்து மணித்தியாலம் என்று வைத்தால் ஆண்டுக்கு 260 மணித்தியாலம். பல்பில் உண்மையாக 1,000 மணித்தியாலம் மிச்சமிருந்தால் நான்கு வருடத்துக்குக் கிட்டப் பார்க்கலாம்.

வாங்கும் இடமும் வாங்கும் விதமும்

இணையத்தில் விளம்பரம் பார்த்துவிட்டு முன்கூட்டியே வங்கியில் காசு போட வேண்டாம். முன்பின் தெரியாதவரின் வீட்டுக்குத் தனியே போகவும் வேண்டாம். இரண்டு பேராகப் போங்கள், பகலில் போங்கள். வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ கணினி திருத்தும் கடைகளில் முதலில் விசாரியுங்கள். கடையில் கொஞ்சம் விலை கூடினாலும், ஏதாவது பிழைத்தால் திரும்பிப் போய்க் கேட்க ஒரு வாசல் இருக்கும். ஒரு மாத உத்தரவாதமாவது பில்லில் எழுத்தில் வாங்குங்கள். பாடசாலை அல்லது அலுவலக முத்திரை ஒட்டிய மெசினை உரிய பத்திரம் இல்லாமல் விற்றால் அது களவுப் பொருளாக இருக்கலாம், தொடாதீர்கள்.

அடுத்தது காசு. சகோதரிகளே, இதற்குக் கடன் எடுக்காதீர்கள். கிழமைக் கடன் எங்கள் பெண்களை எங்கே கொண்டுபோய் விட்டது என்பது உங்களுக்குத் தெரியும். 2018 இல், வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் எடுத்திருந்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்நிதிக் கடன்களுக்கு அரசாங்கமே நிவாரணம் அறிவிக்க வேண்டிய அளவுக்கு அது போயிற்று. தையல் மெசினுக்கு எடுத்த கடனைத் தையல் மெசின் உழைத்துக் கட்டும். புரொஜெக்ரர் உழைத்துத் தராது.

சேர்ந்து வாங்குங்கள். எங்களுக்குச் சீட்டுப் பிடிக்கத் தெரியும், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் நடத்தத் தெரியும். ஐந்து குடும்பம் சேர்ந்து இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஆளுக்கு 1,000 ரூபா போட்டால் மூன்று மாதத்தில் 30,000 ரூபா சேரும். ஆனால் வாங்க முன்னர் ஒரு கொப்பியில் எழுதி எல்லோரும் கையெழுத்து வையுங்கள். மெசின் யார் வீட்டில் இருக்கும், பழுதானால் யார் எவ்வளவு போடுவது, ஒரு குடும்பம் இடம் மாறினால் அவர்களுடைய பங்கு என்ன, மின்கட்டணத்தை எப்படிப் பிரிப்பது. எழுதாத விடயத்தில்தான் சண்டை வரும்.

மின்கட்டணக் கணக்கும் பெரிதல்ல. 250 வோற் மெசின் நாலு மணித்தியாலம் ஓடினால் ஓர் அலகு. மாதம் எட்டுப் படம், இருபது மணித்தியாலம் என்றால் ஐந்து அலகு. ஆனால் அலகு ஏற ஏற வீதமும் ஏறும். ஆதலால் மெசின் இருக்கும் வீட்டின் தலையில் அதனைச் சுமத்தக்கூடாது.

காசு வாங்கிப் படம் காட்டுவது வேறு விடயம். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி படங்களுக்கு உரிமையாளர் உண்டு. வீட்டுக்காரரும் உறவும் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கட்டணம் வைத்துக் காட்ட விரும்பினால் முதலில் பிரதேச சபையிலும் உரிமையாளரிடமும் கேட்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு

வெள்ளை நிற மங்கல் பூச்சு அடித்த சுவரே நல்ல திரை. சுவர் இல்லையென்றால் வெள்ளைப் படுக்கைவிரிப்பு இரண்டை இணைத்துத் தைத்து, கீழ் ஓரத்தில் ஒரு குழாயைச் செருகினால் காற்றுக்கு ஆடாது. சத்தத்துக்கு வீட்டிலுள்ள சிறிய ஸ்பீக்கர் போதும்.

படம் முடிந்தவுடன் பிளக்கைப் பிடுங்க வேண்டாம். ரிமோட்டால் நிறுத்தி, விசிறி தானாக நிற்கும் வரை பொறுங்கள். பல்ப் கொதித்துக்கொண்டிருக்கும்போது விசிறி நின்றால் அதன் ஆயுள் குறையும். 2022 பங்குனி முடிவில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். திடீரென மின்சாரம் நின்றால் உடனே மறுபடி போடாமல் அரை மணித்தியாலம் ஆறவிடுங்கள்.

எங்கள் செம்மண் தூசு மெசினுக்குப் பகை. மாதம் ஒருமுறை காற்று வடியை மெல்லிய தூரிகையால் தட்டித் துடையுங்கள். ஆறிய பிறகு துணியால் மூடுங்கள், இல்லாவிட்டால் பல்லியும் எறும்பும் குடியேறும். ஓடும்போது மூட வேண்டாம். பிள்ளைகள் வில்லைக்குள் நேரே பார்க்கக்கூடாது. பல்ப் உள்ளே வெடித்தால் பிளக்கைக் கழற்றி, பிள்ளைகளை வெளியே அனுப்பி, கதவு ஜன்னலைத் திறந்துவிடுங்கள். அதில் பாதரசம் உண்டு. உடைந்த துண்டுகளை வெறுங்கையால் தொட வேண்டாம்.

என்ன படம் போடுவது?

இதனை யாரும் கேட்பதில்லை. நான் ஓர் அனுபவத்தைச் சொல்லுகிறேன். ஒரு கிராமத்தில் பெண்கள் சேர்ந்து முதல் நாள் படம் போட்டார்கள். நல்ல படம் என்று யாரோ கொடுத்தது. பாதியில் ஒரு குண்டு வெடித்தது. பெரிய சுவர், பெரிய ஸ்பீக்கர், இருட்டு. பின்னால் இருந்த ஓர் அம்மா எழுந்து வெளியே போய்விட்டார். போய்ப் பார்த்தபோது கிணற்றடியில் நடுங்கிக்கொண்டு நின்றார். "ஒண்டுமில்லைப் பிள்ளை, உள்ள காத்தில்லை" என்றார். நான் அவர் பக்கத்தில் நின்றேன். இருவரும் ஒன்றும் பேசவில்லை. உள்ளே படத்தை நிறுத்திவிட்டு வேறு படம் போட்டார்கள். சிரிப்புச் சத்தம் கேட்ட பிறகு அவரே என் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்.

கைத்தொலைபேசியில் பார்க்கும்போது சிறிதாக இருப்பது சுவரில் ஆளுயரத்துக்கு வரும். ஆகவே யாராவது ஒருவர் படத்தை முன்கூட்டியே பார்த்திருக்க வேண்டும். வெடிச்சத்தம், தீ, பிணம், பெண்ணைப் பலவந்தம் செய்யும் காட்சி இருந்தால் தொடங்க முன்னர் எல்லோருக்கும் சொல்லுங்கள், அல்லது அந்தப் படத்தை விடுங்கள். முழு இருட்டு வேண்டாம், பின்னால் ஒரு சிறு விளக்கு எரியட்டும். வாசலை மறித்து இருக்க வேண்டாம். எழுந்து போகிறவரைக் "கோழை" என்று பகிடி பண்ண வேண்டாம். அப்படியான கலக்கமும் நித்திரையின்மையும் தொடர்ந்து இருந்தால், ஆதார வைத்தியசாலையிலுள்ள உளநலப் பிரிவில் காட்டலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனி அந்த அக்காவின் கதைக்கு வருவோம். பழைய மெசினைத் திருத்துபவர் உதிரிப்பாகத்துக்காக 3,000 ரூபா கொடுத்து எடுத்துக்கொண்டார். அயலில் இன்னும் நாலு குடும்பம் சேர்ந்தது. ஒவ்வொரு குடும்பத்தின் பங்கு 6,000. அக்கா அந்த 3,000 ரூபாவோடு மீதியை மூன்று மாதத்தில் கட்டினார். நாலாம் மாதம் 27,000 ரூபாவுக்கு ஒரு மெசினைப் பார்த்தார்கள். போனது அந்த அக்காவும் இன்னொரு பெண்ணும். கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சோதித்திருக்கிறார். முதற்கடையில் இருந்தது வெள்ளைப் புள்ளி. வேண்டாம் என்று வெளியே வந்துவிட்டார். இரண்டாவது கடையில் ஒரு மணித்தியாலம் ஓடவிட்டுக் கதிரையில் இருந்திருக்கிறார்.

"உதெல்லாம் உங்களுக்கு ஆர் அக்கா சொல்லித் தந்தது?" என்று கடைக்காரப் பொடியன் கேட்டானாம்.

"போன காசுதான் தம்பி சொல்லித் தந்தது" என்றாராம்.

கடன் இன்னும் முடியவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் சேகரிப்பவர் வந்துகொண்டுதான் இருக்கிறார். ஆனால் ஞாயிறு இரவுகளில் அந்த வீட்டு விறாந்தையில் ஐந்து வீட்டுப் பாயும் விரிகிறது. மூத்தவன்தான் மெசின் பொறுப்பு. வயரைச் சுற்றி வைப்பதும் தூசு துடைப்பதும் அவன் வேலை. "சந்திக்குப் போறதில்லையோ?" என்று கேட்டேன். "ஞாயிறில போறதில்லை" என்றார் அக்கா. மற்ற நாட்களில் போகிறான் போலும். அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.

சகோதரிகளே, உங்கள் ஊரில் யாராவது இப்படி ஒரு பொருள் வாங்கப் போகிறார்கள் என்றால், இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கையில் கொடுத்து அனுப்புங்கள். முடிந்தால் கூடவே நீங்களும் போங்கள்.

மீண்டும் அடுத்த மாதம் சந்திப்போம்.